பெட்டியிலே தூங்கும் வெள்ளி ரூபாய்

தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961ல் நடந்தது. முத்து நின்று போனாலும், எங்கள் பக்கத்துப் பாட்டிமார் பெட்டிகளில் ராஜா தலை ரூபாய்கள் இன்னமும் உண்டு. அவற்றின் மதிப்புத் தெரியாமல் விற்றுவிடாதீர்கள், சகோதரிகளே!

முதலில் வருஷத்தைப் பாருங்கள். 1835 முதல் 1939 வரை உள்ள ரூபாய் ஒரு தோலா எடை, அதாவது 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1940 முதல் 1945 வரை உள்ளதில் பாதிதான் வெள்ளி. 1946, 1947 ரூபாய்கள் வெறும் நிக்கல். காந்தம் வைத்தால் 'டக்'கென்று ஒட்டிக்கொள்ளும்.

எங்கள் தெரு அக்கா ஒருவர் மகளின் பிரசவச் செலவுக்காக ஏழு ரூபாய்களை விற்கப் போனார். "எல்லாம் கறுத்துப் போச்சும்மா" என்று பாதி விலை சொன்னார்களாம். வீட்டுக்குக் கொண்டுவந்து வருஷம் பார்த்தோம். ஆறு ரூபாய் 1920க்கு முந்தியவை, ஒன்றுதான் 1944! அன்றைய வெள்ளி விலையைத் தெரிந்துகொண்டு, வேறு கடையில் எடை போட்டுக் கேட்டார். ஆறுக்கும் நியாயமான விலை கிடைத்தது.

கறுப்பு ஒரு குறையே இல்லை. புளி, சாம்பல் போட்டுத் தேய்க்காதீங்க. கீறல் விழுந்தால் சேகரிப்பவர்கள் விலையைக் குறைப்பார்கள். 1911ஆம் வருஷ ரூபாய் இருந்தால் தனியே எடுத்து வையுங்கள். ராஜாவின் அங்கியிலிருந்த யானை பன்றி மாதிரித் தெரிகிறதென்று அதைத் திரும்பப் பெற்றார்கள். அதனால் அதற்குத் தனி மவுசு!