கரையேறியவள் நடித்த படம்

1912 ஏப்ரல் 15 விடியுமுன் டைட்டானிக் மூழ்கியது. மே மாத நடுவில் அமெரிக்காவில் அதன் கதை படமாக ஓடியது. ‘டைட்டானிக்கிலிருந்து மீட்கப்பட்டவள்’ என்பது அதன் பெயர். கதாநாயகி டொரத்தி கிப்சன் உண்மையிலேயே தாயோடு அந்தக் கப்பலில் போனவர். முதலில் இறக்கிய 7ஆம் இலக்கப் படகில் ஏறித் தப்பினார். வயது 22.

அந்த இரவு உடுத்தியிருந்த உடுப்போடேயே அவர் கமராவுக்கு முன்னால் நின்றார். விளம்பரக்காரருக்கு வேறென்ன வேண்டும்! நியூயோர்க் துறைமுகத்தில் ஒதுக்கிப் போட்டிருந்த பழைய கப்பல் டைட்டானிக் ஆனது. பேச்சில்லாத பத்து நிமிடப் படம். தப்பி வந்த பெண் வீட்டில் நடந்ததைச் சொல்கிறாள். கடற்படையிலிருக்கும் மாப்பிள்ளை அந்த வேலையை விட வேண்டும் என்கிறாள் தாய். அவன் விடவில்லை.

செய்திப்படக்காரர்களின் கூத்து இதைவிட மோசம். டைட்டானிக்கைப் படம்பிடித்த சுருள் கொஞ்சமே இருந்தது. அதனால் சகோதரக் கப்பலான ஒலிம்பிக்கைக் காட்டினார்கள். குட்டு வெளிப்படாதிருக்கச் சுருளில் தெரிந்த பெயர்களைச் சுரண்டினார்கள்.

1,500 பேர் செத்த துக்கம் ஆறுமுன்னே இதென்ன வியாபாரம் என்று நியூயோர்க் பத்திரிகையொன்று சீறியது. நியாயமான சீற்றம்தான். ஆனாலும் டொரத்தியைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சீக்கிரமே அவர் சினிமாவை விட்டு விலகிவிட்டார். படத்தை எடுத்த எக்ளேர் நிறுவனத்தின் படப்பிடிப்புக் கூடம் 1914இல் தீப்பிடித்தபோது சுருளும் போயிற்று. சில நிழற்படங்களே மிச்சம்.

நடிகையும் பணக்காரரும் போன கப்பலுக்கு உடனே கமரா வந்தது. எங்களவர் வந்த கப்பல்களுக்கு யார் வருவார்? கம்பளை சிங்கபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பி நட்ட 1820களிலிருந்து தமிழ்நாட்டுச் சனம் கடல் தாண்டி மலைக்கு ஏறிக்கொண்டிருந்தது. 1864இல் ஆதிலட்சுமி கப்பல் மூழ்கி 120 தொழிலாளர் மாண்டதாக மலையக நூல்கள் எழுதுகின்றன. அப்போது சினிமாவே பிறக்கவில்லை, சரி. பிறந்து நூறு வருடம் தாண்டிய பிறகும் அதைப் பெரிய திரையில் நான் பார்த்ததில்லை.

கப்பல் மூழ்குவதைப் படமெடுக்கக் காசில்லை என்பார்கள். 1912இலேயே ஜேர்மன்காரர் ‘இரவிலும் பனியிலும்’ என்ற டைட்டானிக் படத்தை எடுத்தார்கள். பேர்லினுக்குப் பக்கத்து ஏரியொன்றில் மாதிரிக் கப்பலை மிதக்கவிட்டுத்தான் பனிப்பாறையில் மோதவைத்தார்கள். அது தொலைந்ததென்றே பல காலம் நினைத்திருந்தார்கள். 1998இல் ஒரு சேகரிப்பாளரிடம் கிடைத்தது. கையில் போனோடு குறும்படக் கதை தேடும் கம்பளைப் பிள்ளைகள் அதை ஒருதரம் பார்க்கலாம். மாதிரிக் கப்பலை ஒரு தச்சர் செய்து தருவார்; மிதக்கவிடக் கொத்மலைத் தண்ணீர் பக்கத்திலேதான் கிடக்கிறது.