சப்பாத்துக்குள் வைக்கும் இன்சோல்: யாருக்கு அவசியம், யாருக்கு வீண் செலவு?

கண்டி, கொழும்பு வீதியில் நான் சப்பாத்து, செருப்பு வியாபாரம் தொடங்கி முப்பது வருடங்களுக்கு மேலாகிறது. இந்தப் பத்தியில் வழமையாகக் கொள்முதல், கடன், வாடகை என்று எழுதுவேன். இம்முறை என் சொந்தக் கல்லாவில் நடந்த ஒரு பிழையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் அக்குறணைப் பக்கத்திலிருந்து ஒரு ஹாஜியார் வந்தார். மகளின் கல்யாணத்துக்குச் சப்பாத்து வேண்டும் என்றார். அவருக்குப் பிடித்த சோடி முன்பக்கம் ஒடுக்கமானது. "கொஞ்சம் இறுக்கம்தான், போடப் போடத் தோல் இளகும் ஹாஜியார்" என்றேன். எல்லா வியாபாரிகளும் சொல்லும் வார்த்தைதான். அவருக்குப் பதினைந்து வருடமாகச் சீனி வியாதி இருந்ததை நான் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை. மூன்று கிழமை கழித்து மகன் வந்தார். சப்பாத்து உரசிச் சுண்டுவிரலில் புண் வந்திருக்கிறது. கால் மரத்துப் போயிருந்ததால் அவருக்கு வலிக்கவில்லை. காலுறையில் இரத்தத்தைக் கண்ட பிறகுதான் தெரிந்ததாம். கடைசியில் அந்த விரலை எடுக்க வேண்டியதாயிற்று. ஹாஜியார் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் இன்றுவரை எனக்குப் பாரமாக இருக்கிறது.

அதன் பிறகுதான் பாதத்துக்கு அளவெடுத்துச் செய்யும் இன்சோல், சப்பாத்து ஆகியவற்றைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். இவற்றை வைத்தியர்கள் ஓர்தோட்டிக்ஸ் என்கிறார்கள். இப்போது கடைக்கு வரும் பலர் இதையே விசாரிப்பதால் நான் அறிந்ததைச் சுருக்கமாகத் தருகிறேன்.

முதலில் எந்த வகை வருத்தம் என்று பாருங்கள்

இன்சோல் தேடி வருபவர்களில் பெரும்பாலானோருக்கு இருப்பது குதிக்கால் வலி. காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடியில் ஆணி குத்துவது போல இருக்கும், கொஞ்சம் நடந்தால் குறையும். குதிக்காலிலிருந்து விரல்கள் வரை உள்ளங்காலில் ஓடும் தடித்த சவ்வு நொந்து போவதால் வருவது இது. நாள் முழுக்கச் சீமெந்துத் தரையில் நிற்கும் கடைக்காரர்கள், ஆசிரியர்கள், சமையலறையில் நிற்கும் பெண்கள் ஆகியோருக்கு இது சாதாரணம்.

எனக்கும் இது வந்தது. ஓரிடத்தில் மெஷினில் பாதத்தைப் படம் பிடித்து, "உங்களுக்கென்றே செய்தது" என்று இருபத்திநாலாயிரம் ரூபாவுக்கு ஒரு சோடி இன்சோல் தந்தார்கள். சில மாதங்களில் மேல் துணி கழன்றது. ஒட்டக் கொடுத்தபோது சப்பாத்துத் தைப்பவர் அடிப்பக்கத்தைக் காட்டினார். அச்சில் வார்த்த சைஸ் இலக்கம் அதிலே தெளிவாக இருந்தது. மொத்தமாக வாங்கிய ஆயத்தப் பொருளுக்கு மேலே ஒரு துணியை ஒட்டியிருக்கிறார்கள்!

கோபம் வந்தது உண்மைதான். ஆனால் பிறகு படித்தது அதைவிட ஆச்சரியம். அவுஸ்திரேலியாவில் 2006 இல் வெளியான ஓர் ஆய்வில், குதிக்கால் வலி உள்ளவர்களை மூன்று பகுதியாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்குப் பெயருக்கு ஒரு மெல்லிய இன்சோல், இன்னொரு பகுதியினருக்கு ஆயத்த இன்சோல், மற்றவர்களுக்கு அளவெடுத்துச் செய்தது. மூன்று மாதத்தில் பிந்திய இரு பகுதியினருக்கும் கொஞ்சம் நன்மை தெரிந்தது. ஆனால் அந்த இரண்டுக்கும் இடையே சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. பன்னிரண்டு மாதத்தில் மூன்று பகுதியினரும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தார்கள்.

ஆகவே சாதாரணக் குதிக்கால் வலிக்காரர் எடுத்த எடுப்பில் பெரிய பணம் கொடுக்கத் தேவையில்லை. வளைவுக்குத் தாங்கல் உள்ள, உறுதியான ஆயத்த இன்சோல் ஒன்றை வாங்குங்கள். வீட்டுக்குள்ளும் தட்டையான பாட்டாவை விட்டு மெத்தென்ற அடியுள்ள செருப்பைப் போடுங்கள். சுவரில் கையூன்றிக் கெண்டைக்காலை இழுத்து நீட்டும் பயிற்சியை ஒவ்வொரு நாளும் செய்யுங்கள். சில மாதங்கள் பொறுத்தும் குறையாவிட்டால் வைத்தியரிடம் போங்கள்.

யாருக்கு அளவெடுத்தே செய்ய வேண்டும்?

சீனி வியாதியால் கால் மரத்தவர்கள், அதிலும் விரல் வளைந்தவர்கள், எலும்பு துருத்தியவர்கள், முன்பு புண் வந்து ஆறியவர்கள், விரல் எடுக்கப்பட்டவர்கள் ஆகியோர் வேறு வகை. இவர்கள் காசு மிச்சம் பிடிக்கப் பார்க்கவே கூடாது.

இதற்கான வழியைக் காட்டியது நமக்குப் பக்கத்திலுள்ள தமிழ்நாடுதான். 1946 இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டொக்டர் போல் பிராண்ட், தொழுநோயாளரின் பாதப் புண்களை ஆராய்ந்தார். நோய் நேரடியாகத் தசையைத் தின்பதில்லை, வலி தெரியாததால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தமே புண்ணாக்குகிறது என்று கண்டார். அந்த அழுத்தத்தைப் பாதம் முழுவதும் பரப்பிவிட மென்மையான இறப்பர் அடியுள்ள செருப்புகள் உள்ளூரிலேயே செய்யப்பட்டன. அதே முறை பின்னர் சீனி வியாதிக்காரருக்கும் வந்தது. சென்னை, இராயபுரத்திலுள்ள எம்.வி. நீரிழிவு வைத்தியசாலை 2004 இல் வெளியிட்ட ஆய்வில், முன்பு புண் வந்தவர்களில் இத்தகைய மென் அடிச் செருப்பு அணிந்தோருக்கு, சாதாரணச் செருப்பு அணிந்தோரைவிடப் புதிய புண்கள் மிகக் குறைவாகவே வந்தன. ஐரோப்பாவிலிருந்து இறக்கிய சாமான்தான் நல்லது என்பதில்லை. அளவும் பொருளும் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கால் மரத்திருக்கிறதா என்று அறிய மெல்லிய நைலோன் நூலால் பாதத்தில் தொட்டுப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. சில நிமிட வேலை. கிளினிக்கில் நீங்களே கேட்டுச் செய்துகொள்ளுங்கள். கண்டி தேசிய வைத்தியசாலைக்கோ பேராதனை போதனா வைத்தியசாலைக்கோ கிளினிக் போகிறவர்கள், பாதத்துக்கான இன்சோல், சப்பாத்து செய்யும் பிரிவுக்குக் கடிதம் தரும்படி டொக்டரிடம் வாய் திறந்து கேளுங்கள். தனியாரிடம் பணம் கொடுப்பதற்கு முன் அரசாங்க வழியைப் பார்ப்பதே புத்தி.

நல்ல வேலையை எப்படி அறிவது?

1. செய்பவர் உங்களை நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும். பழைய சப்பாத்தின் தேய்மானத்தையும் பார்க்க வேண்டும். மெஷின் படம் மட்டும் போதாது.

2. பாதத்தை மென் பஞ்சுப் பெட்டியில் அழுத்தியோ, பிளாஸ்டர் சுற்றியோ, ஸ்கேன் செய்தோ அச்செடுக்கலாம். எந்த முறையானாலும் அந்த அச்சுக்கு என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் தெளிவாக வர வேண்டும்.

3. மேல் துணிக்கு அடியில் என்ன பொருள் என்று காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

4. இரண்டு, மூன்று கிழமையில் திரும்பக் கூப்பிட்டுத் திருத்தித் தருவார்களா என்பதை விலை பேசும்போதே கேளுங்கள். திருத்தம் இல்லாத இன்சோல் பாதி வேலைதான்.

5. முதல் நாள் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போடாதீர்கள். கழற்றியவுடன் பாதத்தைப் பாருங்கள். சிவந்த அடையாளம் மறையாமல் நின்றால் உடனே திருப்பிக் கொண்டுபோங்கள்.

6. இன்சோலுக்குச் சப்பாத்தில் இடம் வேண்டும். உள்ளே இருப்பதைக் கழற்றக்கூடிய, ஆழமான சப்பாத்தாக வாங்குங்கள். ஒடுங்கிய சப்பாத்துக்குள் எவ்வளவு நல்ல இன்சோலைத் திணித்தாலும் கெடுதிதான்.

காசில்லாத ஒரு சோதனையும் சொல்கிறேன். மாலையில் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரம், எழுந்து நின்று கடதாசியில் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டு வெட்டிக்கொண்டு கடைக்கு வாருங்கள். அந்தக் கடதாசியைச் சப்பாத்துக்குள் போடுங்கள். ஓரம் மடிந்தால் அந்தச் சப்பாத்து உங்களுக்கானதல்ல, கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி. இப்போது என் கடையில் நானே இதைச் செய்து பார்க்கிறேன். சில விற்பனை தவறுகிறது. தவறட்டும்.

நம் சமூகத்துக்கு இரண்டு வார்த்தை

நாம் ஒரு நாளைக்கு ஐந்து வேளை வுளூச் செய்கிறோம். காலைக் கழுவும்போது விரலிடுக்கையும் உள்ளங்காலையும் ஒருமுறை பார்த்து, ஈரத்தைத் துடைத்துவிட்டால் அதுவே பெரிய பாதுகாப்பு. வெந்நீரின் சூட்டைக் காலால் பார்க்காமல் முழங்கையால் பாருங்கள். கால் மரத்தவர்கள் உம்ராவுக்கோ ஹஜ்ஜுக்கோ போகுமுன், வெறுங்காலோடு நடப்பது பற்றியும் இஹ்ராமில் அணியக்கூடிய செருப்புப் பற்றியும் டொக்டரிடமும் உலமாக்களிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பள்ளிவாசல் நிர்வாகங்களும் இதைச் சிந்திக்கலாம். கால் எடுத்த பிறகு குடும்பத்துக்கு உதவி சேர்க்கிறோம். அதற்கு முன் ஓர் ஏழைக்கு நல்ல சப்பாத்து வாங்கிக் கொடுப்பது எவ்வளவு சிறிய செலவு! தொழில் தேடும் பிள்ளைகளுக்கும் இதில் வழி உண்டு. றாகமையில் 2004 இல் தொடங்கப்பட்ட பயிற்சிப் பாடசாலை செயற்கை அவயவமும் ஓர்தோட்டிக்ஸும் செய்யக் கற்றுக் கொடுக்கிறது. அங்கு படித்த ஒருவர் கண்டியில் நேர்மையாக ஒரு சிறு வேலைத்தளம் திறந்தால் வாடிக்கையாளருக்குக் குறைவிருக்காது.

தானியக் குவியலுக்குள் கையைவிட்டு அடியிலிருந்த ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்களின் சம்பவம் வியாபாரிகளாகிய நாம் அறியாததல்ல. இன்சோலின் மேல் துணிக்கு அடியில் இருப்பதும், "போடப் போட இளகும்" என்ற வார்த்தைக்கு அடியில் இருப்பதும் அந்த ஈரம்தான். இப்போது என் கடையில் நாற்பது தாண்டிய எவர் வந்தாலும் சைஸ் கேட்பதற்கு முன், "சீனி இருக்கா நாநா?" என்று கேட்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள். அந்த ஹாஜியார் மட்டும் சிரிக்கமாட்டார். அவர் இன்றும் என் கடைக்குத்தான் வருகிறார், அல்ஹம்துலில்லாஹ்.