வலி ஊசி: ஒரே ஆம்பியூல், இரண்டு கணக்கு

செஞ்சிப் பக்கம் பிரசவம் ஆன பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். "வலி வரலைன்னு டிரிப்ஸ்ல ஊசி போட்டாங்க" என்று பலர் சொல்வார்கள். அந்த ஊசிதான் ஆக்ஸிடோசின். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதியிலிருந்து வரும் ஹார்மோன். வின்சென்ட் டு விக்னோ 1953ல் இதை ஆய்வகத்தில் செய்து காட்டினார். 1955ல் வேதியியல் நோபல் கிடைத்தது.

இந்த மருந்தில் அளவு மீறுவது எவ்வளவு சுலபம் என்பதைக் கணக்கு போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கே புரிந்தது.

உலக சுகாதார நிறுவனத்தின் ஒரு வழிமுறைப்படி, 500 மி.லி. பாட்டிலில் 2.5 யூனிட் கலந்து, நிமிடத்துக்கு 10 சொட்டில் ஆரம்பிக்க வேண்டும். 20 சொட்டு ஒரு மி.லி. என்றால், நிமிடத்துக்கு 2.5 மில்லியூனிட். அதாவது ஒரு யூனிட்டில் நானூறில் ஒரு பங்கு! பிறகு வலியைப் பார்த்துக்கொண்டே, அரை மணிக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள்.

இப்போது இரண்டு சின்னத் தவறுகள். பாதி ஆம்பியூலுக்குப் பதில் 5 யூனிட் ஆம்பியூல் முழுசும் கலந்தாச்சு. "ஏன் இவ்ளோ மெதுவா இறங்குது" என்று யாரோ ரோலரைத் தள்ளி, 60 சொட்டு ஆயிடுச்சு. ரெண்டு மடங்கு, ஆறு மடங்கு. பெருக்கினால் 12 மடங்கு. எங்கள் தொழிலில் இப்படிப்பட்ட பிழையில் புரோகிராம் நின்றுபோகும், திரும்ப ஓட்டலாம். இங்கே அப்படி இல்லை.

கருப்பை சுருங்கும்போது நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தம் குறையும், தளரும்போது மீளும். 10 நிமிடத்தில் 5 முறைக்கு மேல் சுருங்கினால், குழந்தைக்கு மூச்சு வாங்க நேரமில்லை என்று அர்த்தம். கருப்பை கிழியும் ஆபத்தும் உண்டு. இன்னொன்று, ஆக்ஸிடோசினும் சிறுநீரைக் கட்டுப்படுத்தும் வாசோபிரசினும் ஒன்பது அமினோ அமிலங்களில் இரண்டில்தான் வேறுபடுகின்றன. அதனால் அளவு மீறினால் உடலில் தண்ணீர் தங்கி, சோடியம் இறங்கி, தலைவலி, குழப்பம், வலிப்பு வரை போகலாம்.

ஆனால் குழந்தை பிறந்த பிறகு கணக்கே தலைகீழ். ரத்தப்போக்கைத் தடுக்க அதே மருந்து 10 யூனிட் மொத்தமாகவே போடப்படுகிறது. முன்னால் போட்டால் ஆபத்து, பின்னால் போட்டால் உயிர்.

கறவை மாட்டுக்குப் போடுகிறார்கள் என்று சொல்லி, 2018 ஏப்ரலில் மத்திய அரசு தனியார் தயாரிப்பைத் தடுத்து, ஒரே ஒரு பொதுத்துறை நிறுவனத்திடம் விட உத்தரவிட்டது. தாய்மார்களுக்குத் தட்டுப்பாடு வரும் என்ற எதிர்ப்புக்குப் பின், அந்த டிசம்பரில் தில்லி உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மருந்தை ஒளித்துவைப்பது தீர்வு இல்லை. சொட்டை எண்ணுவதுதான் தீர்வு.

நல்ல செய்தி: ரத்தத்தில் இது சில நிமிடங்களிலேயே பாதியாகிவிடும். கவனித்து டிரிப்ஸை நிறுத்தினால் பெரும்பாலும் சுருக்கம் தணிய ஆரம்பிக்கும். கவனிக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான். கூட இருப்பவர்கள் ரோலரில் கைவைக்காதீர்கள். வலி இடைவெளி இல்லாமல் வந்தாலோ, தலைவலி, பிதற்றல் என்றாலோ, உடனே நர்ஸம்மாவைக் கூப்பிடுங்கள். "அடிக்கடி கூப்பிட்டா திட்டுவாங்க" என்று தயங்க வேண்டாம். திட்டு வாங்கிக்கலாம்.