கட்டுமரமும் பந்தயக் கேட்டமரானும்: பாய்மரச் சீரமைப்பு குறித்த ஒரு விளக்கமும் தமிழ்க் கலைச்சொற்களும்

ஆய்வுச்சுருக்கம்

பந்தயக் கேட்டமரானின் பாய்மரத்தை நிறுத்தி அதன் தாங்கு கயிறுகளைச் சமன்செய்யும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. கட்டுமரம் என்னும் தமிழ்ச்சொல் உலகுக்குச் சென்ற வரலாறு வேறு. அப்பெயரைத் தாங்கிய இரட்டை உடற்படகின் பொறியியல் வேறு. இவ்வேறுபாட்டைத் தெளிவுபடுத்தி, இத்துறையைத் தமிழில் எழுதப் பழைய கடற்சொற்கள் எவ்வளவு துணைநிற்கும் என்பதையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

முன்னுரை

கட்டுமரம் என்பது வினைத்தொகை. எடை குறைந்த மரங்களை வரிசையாக அடுக்கிக் கயிற்றால் பிணைத்த மிதவையே அது. சோழமண்டலக் கரையில் வழங்கிய இச்சொல்லை வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட தம் பயணநூலில் பதிவுசெய்தார். ஆங்கிலத்தில் வேரூன்றிய பிறகு அச்சொல்லின் பொருள் இடம்பெயர்ந்தது. 1876இல் அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர் நதானியேல் ஹெரஷாஃப் கட்டிய ‘அமரில்லிஸ்’ போன்ற இரட்டை உடற்படகுகளுக்கு அது பெயராயிற்று. ஆனால் இரண்டு உடல்களைக் குறுக்குச்சட்டத்தால் இணைக்கும் அமைப்பு பசிபிக் தீவினரின் மரபில் நெடுங்காலம் வளர்ந்தது. எனவே பெயர் தமிழருடையது என்பதைக் கொண்டு, இன்றைய கேட்டமரானின் வடிவமும் தமிழர் கண்டுபிடிப்பே என்று முடிவுகட்டுவது பொருந்தாது. பொது எழுத்துகளில் இவ்விரண்டும் அடிக்கடி ஒன்றாகக் கலக்கப்படுகின்றன. பாய்மர அமைப்பை ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும்.

பாய்மரத்தின் நிற்பு

டொர்னாடோ வகைக் கேட்டமரான் 1976 முதல் 2008 வரை ஒலிம்பிக் போட்டிகளில் இடம்பெற்றது. 2016 முதல் நாக்ரா 17 வகை இடம்பெறுகிறது. இத்தகைய படகுகளில் பாய்மரம் உடலுக்குள் ஊன்றப்படுவதில்லை. முன் குறுக்குச்சட்டத்தின் நடுவிலுள்ள குமிழின்மேல் அது நிற்கிறது. முன்புறம் ஒன்று, பக்கத்திற்கு ஒன்று என மூன்று கம்பிக்கயிறுகள் அதைத் தாங்குகின்றன. பக்கக் கயிறுகள் மரத்திற்குச் சற்றுப் பின்னே பிணைக்கப்படுவதால், பின்கயிறு தனியே தேவைப்படுவதில்லை.

ஓருடல் படகு காற்று வலுக்கும்போது சாய்ந்து, அழுத்தத்தில் ஒரு பகுதியைக் கழித்துவிடும். கேட்டமரான் அகன்றது, எளிதில் சாயாது. ஆகவே காற்றின் திடீர் வலு முழுவதும் மரத்தின்மீதும் கயிறுகளின்மீதும் இறங்குகிறது. சீரமைப்பு இங்கு விரைவை மட்டுமின்றிப் பாதுகாப்பையும் தீர்மானிக்கிறது.

சீரமைப்பின் படிநிலைகள்

முதற்படி நடுநிலை. மர உச்சியிலிருந்து இறங்கும் கயிறு ஒன்றை இரண்டு உடல்களிலும் ஒத்த புள்ளிகளுக்கு இழுத்து அளக்க வேண்டும். இரு நீளங்களும் சமமாகும்வரை பக்கக் கயிறுகள் திருத்தப்படும். இது பிழைத்தால் படகு ஒரு பக்கக் காற்றில் ஒருவிதமாகவும் மறுபக்கக் காற்றில் வேறுவிதமாகவும் ஓடும்.

இரண்டாம் படி சாய்வு. மரத்தின் மேற்பகுதியிலிருந்து வரும் கயிற்றை முன்கயிற்றின் அடிப்பிணைப்புவரை இழுத்து நீளத்தைக் குறித்துக்கொண்டு, அதே நீளத்தைப் படகின் பின்முனைக்குக் கொண்டுசெல்வர். கயிறு எவ்வளவு மிஞ்சுகிறதோ அந்த அளவுக்கு மரம் பின்னோக்கிச் சாய்ந்துள்ளது. சாய்வு கூடினால் பாயின் விசைமையம் பின்னே நகர்ந்து, முகப்பு காற்றை நோக்கித் திரும்ப முனையும். குறைந்தால் காற்றைவிட்டு விலக முனையும். சுக்கானில் சிறிதளவு எதிர்ப்பு உணரப்படும் நிலையே விரும்பத்தக்கது. எதிர்ப்பு மிகுந்தால் சுக்கானே படகுக்குத் தடையாகிவிடும்.

மூன்றாம் படி முன்வளைவு. மரத்தின் இருபுறமும் விரிகோல்களின் வழியே செல்லும் சாய்சதுரக் கம்பிகள் உள்ளன. விரிகோல்கள் பின்னோக்கி அமைந்திருப்பதால், கம்பிகளை இறுக்கும்போது மரத்தின் நடுப்பகுதி முன்னே வளைகிறது. பாயின் முன்விளிம்பு வெட்டப்பட்ட வளைவுக்கு இவ்வளைவு இசைய வேண்டும். வளைவு கூடினால் பாய் தட்டையாகி விசை குறையும். குறைந்தால் பாய் குழிந்து விசை பெருகும். எடை குறைந்த மாலுமிகள் மிகுந்த வளைவையும், எடை மிக்கோர் விறைப்பான மரத்தையும் தேர்வதற்கு இதுவே காரணம்.

நான்காம் படி சுழற்சி. மரத்தின் குறுக்குவெட்டு நீர்த்துளி வடிவினது. அது பாயின் கோணத்திற்கு ஏற்பத் திரும்பினால்தான் காற்று முறிவின்றிப் பாயின்மேல் வழுக்கும். பக்கக் கயிறுகளை மிகையாக இறுக்கினால் சுழற்சி தடைப்படும். மிகையாகத் தளர்த்தினால் முன்கயிறு தொய்ந்து முன்பாய் குழியும். கரையில் இவற்றை முடித்தபின், கடலில் கீழிழு கயிறும் தாமானும் எஞ்சிய திருத்தத்தைச் செய்கின்றன.

கட்டுமரமும் வத்தையும்

கட்டுமரத்தில் சாய்சதுரக் கம்பிகளோ சுழலும் மரமோ இல்லை. சிறு மரமும் பருமலும் முக்கோணப் பாயும் கொண்ட எளிய அமைப்பு அது. கரை சேர்ந்ததும் கழற்றிவிடலாம். பாக் நீரிணைக் கரையின் வத்தைப் படகுகளில் வேறொரு தீர்வு காணப்படுகிறது. குறுக்கே நீட்டிய பலகையில் காற்று வரும் பக்கமாக ஆட்கள் அமர்ந்து, தம் எடையால் பாயின் விசையை ஈடுசெய்வர். பந்தயக் கேட்டமரானில் கயிற்றில் தொங்கி வெளியே சாயும் மாலுமி செய்வதும் இதே பணிதான். தமிழகக் கரைக்கும் இன்றைய பந்தயப் படகுக்கும் உள்ள ஒப்புமையை இரட்டை உடலில் தேடுவதைவிட, இந்த எடைச்சமன் உத்தியில் தேடுவதே தகும்.

கயிற்றின் இன்றியமையாமையைப் பழந்தமிழ்ப் புலவர் அறிந்திருந்தனர். கட்டுத்தறியை விட்டுத் திரியும் மதயானைக்கு, கயிறு அறுந்து, பாய் கிழிந்து, கூம்பு அடியோடு முறிந்து சுழியில் அகப்பட்ட நாவாயை உவமிக்கிறது மதுரைக்காஞ்சி. உவமையைப் பொறியியல் நூலாகக் கொள்ளலாகாது. எனினும் கயிற்றிலிருந்து கூம்புக்குச் செல்லும் அழிவின் வரிசை, தாங்கு கயிறு போனால் மரம் நில்லாது என்ற நடைமுறை அறிவோடு பொருந்துகிறது.

உப்பும் உலோகமும்

இன்றைய பாய்மரங்கள் பலவும் அலுமினியத்தாலும், தாங்கு கயிறுகள் துருவேறா எஃகாலும் ஆனவை. இவ்விரண்டும் தொடும் இடத்தில் உப்புநீர் மின்பகுபொருளாகிறது, அலுமினியம் அரிக்கப்படுகிறது. ஆகவே இணைப்புகளில் காப்புப்பூச்சும், பருவந்தோறும் ஆய்வும் தேவை. கடலில்லாக் காரைக்குடிக்கு இப்பொருளில் தனி இடமுண்டு. அழகப்பச் செட்டியார் வழங்கிய 300 ஏக்கர் நிலத்திலும் 15 இலட்சம் ரூபாய்க் கொடையிலும் 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அரிமானத்தைத் தன் முதன்மை ஆய்வுப்பொருள்களுள் ஒன்றாகக் கொண்டது.

முடிவுரை

பாய்மரம், பருமல், ஆஞ்சான், தாமான், சுக்கான் ஆகியவை இத்துறைக்கு ஆயத்தமாக உள்ள சொற்கள். இவற்றுள் சுக்கான் அரபு வழி வந்தது. கடல்வழக்கு எப்போதும் பல மொழிகள் கலந்தே வாழ்ந்தது. எனவே தூய்மை கருதி இவற்றை விலக்கிச் சங்கச் சொற்களை மட்டும் மீட்பது வழக்கிலுள்ள அறிவை இழப்பதாகும். சாய்சதுரக் கம்பி, விரிகோல், முன்வளைவு போன்றவற்றுக்குப் புதுச்சொல் ஆக்குவதே முறை; அவ்வுறுப்புகள் நம் மரபில் இருந்ததில்லை. பொறி பூட்டிய கண்ணாடியிழைப் படகுகள் பரவியபின், பாயை நம்பிக் கடலோடியவர்கள் மூத்த தலைமுறையாகிவிட்டனர். தொண்டி முதலான பாக் நீரிணைக் கரையூர்களில் அவர்கள் வழங்கும் பாய்மரச் சொற்களைத் தொகுப்பது, காரைக்குடி வட்டாரத் தமிழாய்வாளர்கள் காலந்தாழ்த்தாமல் மேற்கொள்ள வேண்டிய பணியாகும்.