உழைக்கும் பாதத்துக்கு ஏற்ற காலணி

தொழிற்சாலைகளிலும் கட்டுமான இடங்களிலும் பணிமனைகளிலும் தொழிலாளர்கள் அணிகின்ற, பேச்சு வழக்கில் சேஃப்டி ஷூ எனப்படும் பாதுகாப்புக் காலணியிடம் மூன்று எதிர்பார்ப்புகள் வைக்கப்படுகின்றன: மேலிருந்து விழும் பளுவிலிருந்தும் தரையில் கிடக்கும் ஆணியிலிருந்தும் அது பாதத்தைக் காக்க வேண்டும், ஒரு ஷிப்டு முழுவதும் நின்றும் நடந்தும் வேலை செய்பவரின் காலை உறுத்தாமல் இருக்க வேண்டும், கொடுத்த விலைக்கு ஏற்ற காலம் உழைக்கவும் வேண்டும். இவற்றுள் முதலாவதற்குத்தான் தரமுத்திரை பெரும்பாலும் பொறுப்பேற்கிறது. தேய்மானத்துக்கும் வளைவுக்கும் தரநிலையில் குறைந்தபட்ச எல்லைகள் உண்டு என்றாலும், குறிப்பிட்ட ஒரு காலணி குறிப்பிட்ட ஒருவரின் பாதத்துக்குப் பொருந்துமா, அவருடைய வேலையிடத்தின் தரையில் எத்தனை மாதம் தாங்கும் என்ற கேள்விகளுக்கு எந்த முத்திரையும் விடை தருவதில்லை. ஆனால் உறுத்துகின்ற காலணியை லேஸ் கட்டாமலும் குதிப்பகுதியை மிதித்து மடக்கியும் செருப்பைப் போல அணிவதே வழக்கமாகிவிடுவதால், வசதி குறையும் இடத்தில் பாதுகாப்பும் குறைந்துவிடுகிறது.

இந்தியத் தரநிலைகள் பணியகம் இவ்வகைக் காலணிகளுக்கு வகுத்துள்ள ஐ.எஸ். 15298 என்னும் தரநிலையின் இரண்டாம் பகுதி, ஐ.எஸ்.ஓ. 20345 என்னும் பன்னாட்டுத் தரநிலையை ஒட்டியது. ஸ்டீல் டோ என்று தொழிலாளர்கள் சொல்லும் விரல்மூடி 200 ஜூல் ஆற்றலுள்ள மோதலைத் தாங்க வேண்டும் என்பது அதன் முதன்மையான நிபந்தனை. 20 கிலோ எடையுள்ள இரும்புக் கட்டை ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விரல்களின் மேல் விழுவதற்கு இது சமம். அதோடு, ஏறக்குறைய ஒன்றரை டன் பாரத்துக்குச் சமமான 15 கிலோநியூட்டன் அழுத்தத்தையும் மூடி தாங்கி, அதன் பின்னரும் விரல்கள் நசுங்காத அளவுக்கு உள்ளே இடைவெளி விட்டிருக்க வேண்டும். அதே தரநிலையின் மூன்றாம் பகுதிக்கு உட்பட்டவை 100 ஜூல் மட்டுமே தாங்குபவை என்பதும், நான்காம் பகுதிக்கு உட்பட்டவற்றில் விரல்மூடி கட்டாயமே இல்லை என்பதும் பலர் கவனிக்காத செய்திகள். மத்திய அரசு 2020இல் பிறப்பித்த தரக்கட்டுப்பாட்டு ஆணை இத்தகைய காலணிகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கியது, எனினும் முத்திரையைப் பார்ப்பதோடு நிற்காமல், அதனருகே எந்தப் பகுதியின் எண் பொறிக்கப்பட்டிருக்கிறது என்பதையும் பார்த்து வாங்குவதே அறிவுடைமை.

கனத்த பளு விழுந்தால் எஃகு மூடி வளைந்து விரல்களைத் துண்டித்துவிடும் என்ற அச்சம் தொழிலாளர்களிடையே உண்டு. எஃகையே மடக்கும் அளவுக்கு விசை தாக்கும்போது, மூடி இல்லாத பாதம் அதற்கு வெகு முன்பே நொறுங்கியிருக்கும் என்பதால் இந்த அச்சத்துக்கு அடிப்படை இல்லை. எஃகுக்குப் பதிலாக நார் கலந்த பிளாஸ்டிக்கில் செய்யப்படும் காம்போசிட் மூடி எடை குறைந்தது. வெப்பத்தையும் மின்சாரத்தையும் கடத்தாதது. அதே வலிமையைப் பெறுவதற்குத் தடிமன் கூடுதலாகத் தேவைப்படுவதால் காலணியின் முன்பகுதி சற்றே பருத்துக் காணப்படும்.

மூடிக்கு அடுத்தபடியாகக் காலணியில் அச்சிடப்பட்டிருக்கும் எஸ்1, எஸ்2, எஸ்3 போன்ற குறியீடுகள் அதன் கூடுதல் இயல்புகளைக் காட்டுகின்றன. உடலில் சேரும் நிலைமின்னேற்றத்தை மெல்லத் தரைக்குக் கடத்துவதும் குதிகாலில் விழும் அதிர்வை உள்வாங்குவதும் எஸ்1 வகையின் இயல்புகள். மேல்தோலில் நீர் எளிதில் புகாதிருப்பது எஸ்2. அவற்றோடு ஆணி துளைக்காத நடுத்தகடும் வரிப்பள்ளங்கள் கொண்ட அடிப்பாகமும் சேர்ந்தது எஸ்3. கம்பியும் ஆணியும் சிதறிக் கிடக்கும் கட்டுமான இடத்துக்கு எஸ்3 பொருத்தம். உலர்ந்த, வழவழப்பான தரையுள்ள பொருத்துக்கூடங்களில் அதே எஸ்3, நீரைத் தடுக்கும் தோலினால் வியர்வையையும் உள்ளேயே தேக்கி, ஏப்ரல், மே மாத வெயிலில் காலைப் புழுங்கச் செய்யும் என்பதால், எண் உயர உயரத் தரம் உயர்கிறது என்று கொள்வது சரியாகாது.

பொருத்தம் பற்றிய பேச்சு பெரும்பாலும் நீள அளவோடு முடிந்துவிடுகிறது. நடக்கும்போது பாதம் மடங்குவது பெருவிரல் தொடங்கும் மூட்டில் என்பதால், காலணியும் அதே இடத்தில் மடங்கினால்தான் நடை இயல்பாக இருக்கும். நீளம் ஒன்றாக உள்ள இருவரில் ஒருவருக்கு விரல்கள் நீண்டும் மற்றவருக்குக் குறுகியும் இருந்தால், இருவருக்கும் ஒரே அளவு பொருந்தாமல் போகலாம். இதனாலேயே அமெரிக்கரான சார்லஸ் பிரானக் 1920களில் உருவாக்கிய பாத அளவுகோல், குதிகாலிலிருந்து விரல்நுனி வரையிலான நீளம், குதிகாலிலிருந்து அந்த மூட்டு வரையிலான நீளம், பாதத்தின் அகலம் என மூன்றையும் அளக்கிறது. இந்தியக் கடைகளில் பெரிதும் வழங்கும் பிரிட்டிஷ் அளவுமுறையில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே ஏறத்தாழ 8.5 மில்லிமீட்டர் வேறுபாடு உண்டு. சேஃப்டி ஷூவில் இடைப்பட்ட அரை அளவுகள் எளிதில் கிடைப்பதில்லை என்பதால், இரண்டு எண்களுக்கு நடுவே அகப்பட்ட பாதம் பெரிய எண்ணை எடுத்துக்கொண்டு, உட்புறத்தில் சற்றுத் தடித்த இன்சோல் இட்டு நிரப்பிக்கொள்வதே மேல்.

போடப் போடச் சரியாகிவிடும் என்ற விற்பனையாளரின் ஆறுதல் இங்கே பாதிதான் உண்மை. தோல் நாளடைவில் பாதத்தின் வடிவுக்கு இளகிக்கொடுக்கும். விரல்மூடியோ எத்தனை ஆண்டு அணிந்தாலும் ஒரு நூலளவும் விரியாது. ஆகவே அணிந்து பார்க்கும் சோதனையில் மிகுந்த கவனம் பெற வேண்டியது முன்பகுதிதான். பாதம் பகல் முழுவதும் சிறிது சிறிதாக வீங்குவதால் மாலை நேரத்தில், வேலைக்கு அணியும் அதே தடிமனுள்ள சாக்ஸுடன், இரண்டு கால்களிலும் அணிந்து, லேஸை முழுவதும் இறுக்கிக் கட்டி நின்று பார்க்க வேண்டும். பிறகு குந்தி உட்கார்ந்து எழ வேண்டும். மூடியின் பின்விளிம்பு விரல்களின் மேற்புறத்தை வெட்டுவதுபோல் அழுத்துவது நிற்கும்போது தெரியாது, குந்தும்போதுதான் தெரியும். வெல்டிங், தரைப் பதிப்பு, குழாய் இணைப்பு எனப் பாதி நாள் குந்தியே செய்யும் வேலைகளுக்கு இந்த ஒரு சோதனை மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது. சரிவில் இறங்கும்போது விரல்நுனி மூடியில் இடிக்குமானால், அந்தக் காலணியை விலை எவ்வளவு குறைந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

பெண் தொழிலாளர்களின் நிலை இன்னும் இடர்ப்பாடானது. காலணி தைக்கப்படுவது லாஸ்ட் எனப்படும் பாத வடிவ அச்சின் மீது. ஆண்களின் அச்சைச் சிறிதாக்கியே பல காலணிகள் பெண்களுக்கென விற்கப்படுகின்றன. பெண்களின் பாதத்தில் முன்பகுதியோடு ஒப்பிடக் குதிகால் குறுகலாக இருப்பதால், விரல்களுக்குச் சரியாக அமையும் அத்தகைய காலணி குதியில் கழன்று கழன்று கொப்புளம் உண்டாக்குகிறது. பெண்களுக்கான அச்சில் செய்தவையும் சந்தையில் உள்ளன. மொத்தமாக வாங்கும் நிறுவனங்கள் கேட்டால்தான் அவை வரும்.

உழைப்பு என்று வரும்போது பலர் முதலில் தட்டிப் பார்ப்பது தோலின் தடிமனை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரங்களைத் தோல், காலணித் தொழிலுக்குப் பெயர்பெற்ற இடங்களாக அறிந்த தமிழ் வாசகர்களுக்கு, எருமைத் தோல் கெட்டியானது என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்தியாவில் செய்யப்படும் சேஃப்டி ஷூக்களில் அது மிகுதியாகப் பயன்படுகிறது. தோலின் மேல்அடுக்கு அப்படியே இருப்பது வலிமை மிக்கது. அதைப் பிளந்து எடுத்த கீழ்அடுக்கின்மேல் பாலியூரித்தேன் பூச்சிட்டு, தோல் போன்ற வரிகளை அச்சிட்டு விற்பதும் உண்டு. வளையும் இடத்தில் பூச்சு உரிந்ததும் அது நீரை உறிஞ்சத் தொடங்கிவிடும். ஈரச் சிமெண்ட் எந்தத் தோலுக்கும் பகை. அதன் காரத்தன்மை தோலையும் கெடுத்து, உள்ளே கசிந்தால் பாதத்தையும் புண்ணாக்கும் என்பதால், கான்கிரீட் போடுபவருக்கு விலையுயர்ந்த தோல் காலணியைவிட முழங்கால் வரையிலான கம் பூட்ஸே ஏற்றது.

தோல் நன்றாக இருக்கும்போதே காலணி முடிந்துபோவதற்குப் பெரும்பாலும் அடிப்பாகமே காரணம். பாலியூரித்தேன் என்னும் நுரைப்பொருளில் வார்த்த சோல் இலேசானது, மெத்தென்றிருப்பது, அதிர்வைத் தாங்குவது. இன்று அதுவே பரவலாக வழங்குகிறது. அதன் குறை நீராற்பகுப்பு, அதாவது காற்றிலுள்ள ஈரம் அதன் வேதிப் பிணைப்புகளைச் சிறிது சிறிதாக முறித்துவிடுவது. இந்த வினை காலணி உபயோகத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நடக்கும். வெப்பமும் ஈரமும் கூடிய கடலோர ஊர்களில் விரைவாக நடக்கும். பெட்டி பிரிக்காமல் சில ஆண்டுகள் பத்திரமாக வைத்திருந்த புதிய ஜோடி, அணிந்த முதல் நாளிலேயே அடிப்பாகம் பொடிப்பொடியாக உதிர்ந்து போவதற்கு இதுவே காரணம். உற்பத்தியான காலம் காலணியிலேயே பொறிக்கப்பட வேண்டும் என்று தரநிலை கூறுவதால், தள்ளுபடி விலையில் பழைய இருப்பை விற்கும் கடைகளில் அதைத் தேடிப் பார்ப்பது நல்லது. ஈத்தர் வகைப் பாலியூரித்தேன், எஸ்டர் வகையைவிட இந்த ஈரத்தை மேலாகத் தாங்கும்.

கோயம்புத்தூரின் ஃபவுண்டரிகள் போன்ற சூடான தரையுள்ள இடங்களில் பாலியூரித்தேன் இளகிவிடும். அங்கே எண்ணெயையும் சூட்டையும் எதிர்க்கும் நைட்ரைல் ரப்பர் சோல் தேவை, எச்.ஆர்.ஓ. என்ற குறியீடு உள்ள அடிப்பாகம் 300 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு நிமிடம் சோதிக்கப்பட்டது. உருகிய உலோகம் தெறிக்கும் இடங்களில் லேஸ் இல்லாத, ஒரே இழுப்பில் கழற்றக்கூடிய காலணி விரும்பப்படுவதும், துளி தங்கும் மடிப்பு அதில் இல்லை என்பதால்தான். நைட்ரைல் சோல் எடை கூடியது, விலையும் அதிகம். ஆனால் மேல்தோலோடு வெல்ட் எனப்படும் தோல் பட்டை வைத்துத் தைக்கப்பட்டிருந்தால், தேய்ந்த சோலைப் பிரித்து வேறு சோல் மாற்றிக்கொள்ளலாம். நேரடியாக வார்த்து ஒட்டப்பட்ட பாலியூரித்தேனில் அதற்கு வழியில்லை.

வாங்கிய பின்னரும் கெடாமல் காப்பதற்கு எளிய வழி, இரண்டு ஜோடிகளை மாற்றி மாற்றி அணிவது. ஒரு ஷிப்டின் வியர்வை முழுவதும் உலர ஓர் இரவு போதாது. நனைந்த காலணியைக் கொதிகலன் அருகிலோ உச்சி வெயிலிலோ வைத்தால் தோல் வறண்டு வெடிக்கும். இன்சோலை வெளியே எடுத்து, உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து, நிழலில் காற்றாட வைக்க வேண்டும். விரல்மூடியின் மேல் ஒருமுறை கனத்த பளு விழுந்துவிட்டால், வெளித்தோலில் கீறல்கூட இல்லாவிட்டாலும் அந்த ஜோடியை மீண்டும் பயன்படுத்தாமல் ஒதுக்கிவிட வேண்டும். உள்ளே மூடி சற்று அமுங்கியிருந்தாலும் அடுத்த அடியின்போது விரலுக்கு இடம் இருக்காது.