உரம் படாத மண்ணில்

அக்டோபர் பிறந்தால் வேல்ஸ் மலைச்சரிவுகளில், ஆடுகள் ஒட்ட மேய்ந்த புல்லுக்கு நடுவே வேக்ஸ்கேப் காளான்கள் தலைகாட்டும். செக்கச் சிவப்பு, மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு. தொட்டால் மெழுகு பூசியதுபோல் வழுக்கும். திடீரென்று எழுந்தவர்களை 'நேற்றுப் பெய்த மழையில் இன்று முளைத்த காளான்' என்போம். வேக்ஸ்கேப்புக்கு அந்தப் பேச்சு பொருந்தாது. வெளியே விரியும் குடைக்குத்தான் ஆயுள் சில நாள். மண்ணுக்குள் நூலிழையாய்ப் பரவும் உடல், உழவும் உரமும் படாமல் பல பத்தாண்டுகள் கிடந்த நிலத்தில்தான் நிலைக்கிறது.

அதே மலை, அதே மழை. வேலிக்கு இந்தப் பக்கம் பல வகைக் காளான். அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. உலகம் முழுவதும் மண் எடுத்து ஆராய்ந்து 2014-இல் வெளிவந்த ஆய்வு, பூஞ்சைகளின் பரவலைப் பெரிதும் தீர்மானிப்பது தட்பவெப்பம் என்றது. கண்டங்களை ஒப்பிட்டால் அது சரி. வேலியின் இரு பக்கத்துக்கும் வானிலை ஒன்றுதானே?

விடைக்கு லண்டனுக்கு வடக்கே, ராத்தம்ஸ்டெட் பண்ணைக்குப் போகவேண்டும். 1856-இல் ஜான் பென்னட் லாஸும் ஜோசப் ஹென்றி கில்பர்ட்டும் அங்கே ஒரு புல்வெளியைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு உரம் இட்டார்கள். லாஸ், சூப்பர் பாஸ்பேட் தயாரிக்க 1842-இல் காப்புரிமை பெற்றவர். எந்த உரத்துக்குப் புல் அதிகம் விளையும் என்பதே அவர்கள் கேள்வி. சோதனை இன்றும் நடக்கிறது. உரமே காணாத துண்டுகளில் ஏறக்குறைய நாற்பது வகைச் செடிகள். சுண்ணாம்பு சேர்க்காமல் அமோனியம் சல்பேட் மட்டும் கொட்டிய இடத்தில் மண் புளித்து அமிலமாகி, இரண்டு மூன்று வகைப் புல்லே மிச்சம். காளான்களுக்கும் அதே கதி: தழைச்சத்து ஏற ஏற வேக்ஸ்கேப் குறைந்தது.

காரணம் வேரடியில் இருக்கலாம். ஒப்புமைக்கு வேறொரு பூஞ்சையை, நம் விவசாயிகள் 'வேம்' என்று வாங்கும் வேர் உட்பூசணத்தை, எடுத்துக்கொள்வோம். அது மணிச்சத்தைத் தேடிக் கொண்டுவந்து கொடுக்கும். செடி பதிலுக்குச் சர்க்கரை தரும். உர மூட்டையிலிருந்து மணிச்சத்து தாராளமாகக் கிடைத்தால், செடி ஏன் பூஞ்சைக்குத் தீனி போடவேண்டும்? கொடுக்கல் வாங்கல் சுருங்குகிறது. உரத்தில் செழித்து உயரும் புல்லும் வேக்ஸ்கேப்புக்கு ஆகாது. குட்டையான புல்லும் பாசியும்தான் அதற்கு இதம். மேய்ச்சலை நிறுத்தினாலும் காளான் மறையும். புல்லை வெட்டி அங்கேயே போட்டாலோ, மட்கி அதுவே உரமாகிவிடும்.

உரத்தை நிறுத்தினால் உடனே எல்லாம் திரும்பாது. மணிச்சத்து மண்ணைப் பிடித்துக்கொண்டு பல்லாண்டு கிடக்கும். 1930-களுக்கும் 1984-க்கும் இடையில் இங்கிலாந்து, வேல்ஸ் சமவெளிகளின் இயல்பான புல்வெளிகளில் சுமார் 97 சதவீதம் அழிந்தது. தப்பியவற்றில் தேவாலயக் கல்லறைத் தோட்டங்களும் பழைய மாளிகைகளின் புல்தரைகளும் உண்டு.

எனக்கு வருத்தம் தருவது இதுதான். கோடையில் செடிகளைக் கணக்கெடுக்க வருபவரின் கண்ணுக்கு வேக்ஸ்கேப் நிலம் பூக்கள் குறைந்த சாதாரணப் புல்வெளி. மதிப்பில்லாத இடமென்று எழுதி, மரம் நட ஒதுக்கிவிடலாம். நிழல் விழுந்தால் காளான் போயிற்று. இலையுதிர் காலம்வரை காத்திருக்க முடியாதவர்கள், ஒரு பிடி மண்ணை எடுத்து அதிலுள்ள டிஎன்ஏவைப் பரிசோதிக்கலாம். குடை விரியாத மாதத்திலும் உள்ளே யார் குடியிருக்கிறார் என்று அது சொல்லிவிடும்.