இளமையும் இருதய நோயும்

இருதய நோய் முதுமைக்குரியதென்பது நெடுங்காலம் நிலவிவந்த கொள்கை. நரை தோன்றியபின் வருவதொன்றைக் குறித்து இருபது வயதினர் கவலைகொள்ளுதல் வீண் என்றே பலரும் எண்ணியிருந்தனர். அவ்வெண்ணம் பிழையானதென்பதைக் கொரிய யுத்தகளம் துலக்கிற்று.

அந்த யுத்தத்தில் மாண்ட அமெரிக்கப் போர்வீரர் 300 பேரின் இருதயங்களை ஈனோஸ் என்பாரும் அவர்தம் உடனாய்வாளர் இருவரும் சோதித்து, தம் முடிபுகளை 1953இல் வெளியிட்டனர். மாண்டோரின் சராசரி வயது ஏறக்குறைய 22. படையிற் சேருமுன் மருத்துவப் பரிசோதனையில் தேறிய இளைஞர் இவர்கள். அவ்வாறிருந்தும், நூற்றுக்கு 77 பேரின் முடியுரு நாடிகளில், அதாவது இருதயத் தசைக்கே குருதி வழங்கும் நாடிகளில், நோயின் சுவடு காணப்பட்டது. சிலரில் உட்சுவர் சற்றே தடித்திருந்தது. மிகச் சிலரில் நாடி முற்றாகவே அடைபட்டிருந்தது. சிறிதும் பெரிதும் ஒருங்கே எண்ணப்பட்டமையாலேயே தொகை இத்துணை உயர்ந்ததென்பதும் மறக்கற்பாலதன்று.

இந்நோய் உருவாகும் வகை பின்வருமாறு: குருதியிலுள்ள கொலஸ்திரோல் நாடியின் உட்சுவரினுள் நுழைந்து மஞ்சள் நிறக் கீற்றாகப் படிகின்றது. சில கீற்றுக்கள் காலப்போக்கில் நாரிழையத்தாற் போர்த்தப்பட்டு மேடாகின்றன. அம்மேடு ஒருநாள் வெடித்து அதன்மேற் குருதி உறைந்து வழியை அடைக்குமாயின், மாரடைப்பு நேர்கின்றது. ஐம்பதில் வீழ்பவனுக்கு இருபதிலேயே வித்து ஊன்றப்பட்டிருத்தல் கூடும். நோவோ இளைப்போ இன்றி இத்தனையும் நடைபெறுதலே இதன் கொடுமை.

எவருடைய நாடி விரைந்து கெடுகின்றது? லூசியானா மாநிலத்திலுள்ள பொகலூசா என்னும் சிறு நகரில், வைத்தியர் ஜெரல்ட் பெரென்சனும் அவர் குழுவினரும் 1970களின் தொடக்கந்தொட்டுச் சிறுவர்களின் எடை, குருதியமுக்கம், குருதிக் கொழுப்பு முதலியவற்றை அளந்து குறித்து வந்தனர். பின்னர் விபத்து முதலியவற்றால் இளமையில் மாண்டோரின் நாடிகளை அக்குறிப்புக்களோடு ஒப்புநோக்கினர். 1998இல் வெளிவந்த முடிபு சிந்திக்கற்பாலது. உடற்பருமன், குருதியமுக்கம், இருவகைக் குருதிக் கொழுப்பு என்னும் நான்கனுள் எதுவும் மிகாதோரின் முடியுரு நாடிப் பரப்பில் நூற்றுக்கு 1.3 பங்கே கொழுப்புக் கீற்றுப் படிந்திருந்தது. இரண்டு மிகுந்தோரில் அது 7.9, மூன்றோ நான்கோ மிகுந்தோரில் 11. புகைபிடித்தோரில் 8.3 பங்கும், புகையாதோரில் 2.9 பங்கும் காணப்பட்டன. தனித்தனியே அற்பமாய்த் தோன்றும் குறைகள் ஒருங்குகூடும்போதே பெருந்தீங்கு விளைகின்றது.

பாரம்பரியமும் ஒரு காரணமே. தந்தையோ தமையனோ இளவயதில் மாரடைப்புற்ற குடும்பத்தில் பிறந்தோர், தம் குருதிக் கொழுப்பை இளமையிலேயே சோதித்தறிதல் தகும். ஆயினும் இது விதியென்று அமைவதற்கு இடமில்லை. 2001 முதல் 2011 வரை ஈராக், ஆப்கானிஸ்தான் யுத்தங்களின்போது மாண்ட அமெரிக்கப் படையினர் 3,832 பேரை ஆராய்ந்து 2012இல் வெளியிடப்பட்ட அறிக்கையில், நோயுற்ற நாடியுடையோர் நூற்றுக்கு 8.5 பேரே. பிற்காலப் படையினர் தாமே முன்வந்து சேர்ந்தவராதலானும், சோதனை முறைகள் வேறுபட்டமையானும், கொரியத் தொகையோடு இதனை அப்படியே ஒப்பிடல் பொருந்தாது. எனினும், கொழுப்பு மிகுதியோ உயர் குருதியமுக்கமோ உடற்பருமனோ முன்னரே கண்டறியப்பட்டிருந்தோரில், இம்முறையும் நோய் மிகுந்தே காணப்பட்டது.